வீட்டுக்கு ஒரு சின்னக் கார்

கார் வாங்குவது என்று ஒரு வீட்டில் தீர்மானமாகிவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் வேறு பேச்சே இராது. அப்பா விலையைப் பற்றிப் பேசுவார். பிள்ளை எஞ்சினைப் பற்றிப் பேசுவான். பெண் நிறத்தைப் பற்றிச் சண்டை போடுவாள். பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு முழங்கால் வலி. குனிந்து, காலை மடக்கி, அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார முடியுமா என்பதுதான் அவள் கவலை. அதை அவளும் சொல்ல மாட்டாள். அவளை யாரும் கேட்கவும் மாட்டார்கள். வண்டி வந்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, முதல் சவாரிக்குக் கதவைத் திறக்கும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

ஆகவே, பாட்டியிலிருந்தே ஆரம்பிப்போம்.

நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய சின்னக் கார்களில் மாருதி வேகன் ஆர் ஒன்று. 1993-ல் ஜப்பானில் சுசுகி கம்பெனியார் முதலில் இந்தப் பெயரில் வண்டி செய்தார்கள். 1999 டிசம்பரில் அது இந்தியாவுக்கு வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கம்பெனியாரின் ஸான்ட்ரோ புறப்பட்டுவிட்டது. இரண்டும் தலையில் குடுமி வைத்தாற்போல உயரமான வண்டிகள். ‘இதென்ன தகர டப்பா மாதிரி!’ என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. வேட்டி கட்டியவர்களும் மடிசார் கட்டியவர்களும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அந்த உயரத்தின் அருமை தெரிந்திருந்தது. ஸான்ட்ரோ 2014-ல் நின்று, 2018-ல் மறுபடி வந்து, 2022-ல் விடைபெற்றுக்கொண்டது. வேகன் ஆர் நிலைத்துவிட்டது. 2019 ஜனவரியில் வந்த மூன்றாவது உருவத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அளவைப் பாருங்கள். நீளம் 3,655 மில்லி மீட்டர். நம் கணக்கில் 12 அடி. அகலம் 1,620, அதாவது 5 அடி 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உயரம் 1,675, 5 அடி 6 அங்குலம். அகலத்தை விட உயரம் அதிகமான வண்டி! இதனால் வரும் நன்மை என்னவென்றால், ஸீட் நம் இடுப்பு உயரத்தை ஒட்டி இருக்கிறது. பாட்டி கீழே இறங்கவும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். நாற்காலியில் உட்காருவது போலப் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். 2025 டிசம்பரில் கம்பெனியார் இன்னொரு படி போய், முன் ஸீட் அப்படியே வாசல் பக்கம் திரும்பி நிற்கும்படியான ஓர் ஏற்பாட்டைச் சில நகரங்களில் தனிச் சாமானாக விற்க ஆரம்பித்தார்கள். தனி விலைதான். ஆனால் வீட்டில் நடக்க முடியாதவர் ஒருவர் இருந்தால், அலாய் வீலுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம். உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் லாரியோ ஆம்னி பஸ்ஸோ பக்கத்தில் உரசினாற்போலப் போகும்போது, இந்த வண்டி கொஞ்சம் அசைந்து கொடுக்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள். பின் ஸீட்டில் மூன்று பெரியவர்கள் உட்காரலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். உட்காரலாம், தாம்பரத்திலிருந்து மயிலாப்பூர் வரை. மதுரை வரை வேண்டாம்.

எழுத்துக்களின் மர்மம்

ஷோரூமுக்குள் நுழைந்தவுடன் உங்களைத் திணற அடிப்பது எழுத்துக்கள்தாம். எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ., இஸட்.எக்ஸ்.ஐ., அப்புறம் அதற்கு ஒரு ‘பிளஸ்’. இது ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. ஓட்டல் சாப்பாடு மாதிரிதான்: அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு, ஸ்பெஷல், பாயசத்தோடு ஸ்பெஷல்.

எல்.எக்ஸ்.ஐ. அளவுச் சாப்பாடு. ஏ.ஸி. உண்டு, பவர் ஸ்டியரிங் உண்டு, முன் ஜன்னல்களுக்கு மட்டும் மின்சாரப் பொத்தான் உண்டு. பின்னால் உட்காருகிறவர்கள் கையால் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். வி.எக்ஸ்.ஐ.யில் நான்கு ஜன்னலுக்கும் பொத்தான், பாட்டுப் பெட்டி, தூரத்திலிருந்தே கதவைத் திறக்கும் சாவி ஆகியவை சேருகின்றன. இந்த இரண்டிலும் இருப்பது 998 சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர். இஸட்.எக்ஸ்.ஐ.க்குப் போனால் எஞ்சினே மாறிவிடுகிறது, 1,197 சி.சி., நான்கு சிலிண்டர். சக்தி 67 குதிரையிலிருந்து 90 குதிரை வரை ஏறுகிறது. பின் கண்ணாடிக்கு வைப்பரும் வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு அதன் பெருமை தெரியும். பிளஸ்ஸில் அலாய் வீல், பெரிய திரை, இரட்டை நிறம் முதலிய அலங்காரங்கள். கல்யாணப் பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி மாதிரி. அழகுதான், ஆனால் அதனால் சமையல் ருசியாகிவிடாது.

விலை? 2025 செப்டம்பர் 22-ந் தேதி சின்னக் கார்களின் மேல் இருந்த வரி, மேல்வரியையும் சேர்த்து, 29 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்கு இந்தச் சலுகை. இந்த 1,197 என்ற எண் ஏன் 1,200-க்கு மூன்று சி.சி. முன்னால் நின்றுவிட்டது என்று இப்போது விளங்குகிறதல்லவா? அந்தக் குறைப்புக்குப் பின் எல்.எக்ஸ்.ஐ. ஏறக்குறைய ஐந்து லட்சத்துக்கும், உச்சியில் இருக்கும் ஆட்டோ கியர் பிளஸ் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தன. இது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவிகிதமும், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவிகிதமும் வாழ்நாள் சாலை வரியாக விதித்தார்கள். அதோடு காப்பீடு, பதிவுச் செலவு. ஆகவே பேப்பரில் பார்க்கும் விலைக்கு மேல் எப்போதும் ஒரு லட்சத்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நடுவில்தான் ஒரு சுவையான குழப்பம் இருக்கிறது. வி.எக்ஸ்.ஐ.யை ஆட்டோ கியரோடு வாங்கினாலும், இஸட்.எக்ஸ்.ஐ.யைக் கை கியரோடு வாங்கினாலும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே பணத்துக்குக் காலுக்கு ஓய்வு வேண்டுமா, பெரிய எஞ்சின் வேண்டுமா?

இந்த ஆட்டோ கியர் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது பெரிய கார்களில் வரும் ஆட்டோமாட்டிக் அல்ல. கியர் பெட்டி சாட்சாத் பழைய பெட்டிதான். கிளச்சை மிதிக்க உங்கள் காலுக்குப் பதிலாகவும், கியரை மாற்ற உங்கள் கைக்குப் பதிலாகவும் ஒரு சின்ன யந்திரம் வேலை செய்கிறது. கியர் மாறும்போது வண்டி ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு யோசிப்பது போல இருக்கும். அண்ணா சாலையில் சாயந்திரம் ஆறு மணிக்கு அது தெரியாது; எல்லோருமே அங்கே யோசித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். இரு வழிச் சாலையில் ஒரு லாரியை முந்தும்போது அந்த ஒரு கணம் தெரியும். மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் நழுவாமல் சில விநாடி பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஆட்டோ கியர் வண்டியில் இருக்கிறது. புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு, முக்கியமாக ஐம்பது வயதுக்கு மேல் தைரியமாகக் கற்றுக்கொள்ளும் அம்மாக்களுக்கு, இது ஒன்றே போதும், பணம் கொடுக்கலாம். மாதம் இரண்டு முறை நான்கு பேரும் பெட்டியுமாக ஊருக்குப் போகிறவர்கள் பெரிய எஞ்சினை எடுத்துக்கொள்வதே மேல். ஏ.ஸி.யைப் போட்டுக்கொண்டு, ஐந்து பேரோடு ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது மூன்று சிலிண்டர் படும் பாடு பார்க்கச் சகிக்காது.

காஸ் அடுப்பா, விறகடுப்பா?

அடுத்தது சி.என்.ஜி. வண்டிக்கு இயற்கை எரிவாயு. எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ. இரண்டிலும் சின்ன எஞ்சினோடு இது கிடைக்கிறது. பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் ஏறக்குறைய 90 ஆயிரம் ரூபாய் அதிகம். லிட்டருக்கு 24 கிலோ மீட்டர், காஸில் கிலோவுக்கு 34 கிலோ மீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. அது பரீட்சைக் கூடத்தில் போட்ட கணக்கு. நம் ஊர்ச் சிக்னல், ஏ.ஸி., ஸ்கூல் வாசல் எல்லாம் சேர்ந்தால் பெட்ரோலில் 18, காஸில் 26 என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பென்சிலை எடுங்கள். மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓட்டுகிறீர்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், காஸ் கிலோ 90 ரூபாய் என்று உத்தேசமாகப் போடுங்கள். உங்கள் ஊர் விலையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பெட்ரோல் செலவு 5,550 ரூபாய். காஸ் செலவு 3,460 ரூபாய். மிச்சம் 2,090. 90 ஆயிரத்தை மீட்க 43 மாதம் ஆகும். மாதம் 500 கிலோ மீட்டர்தான் ஓடுகிறீர்கள் என்றால் ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிள்ளைக்குக் கல்யாணமாகி அவன் வேறு வண்டி கேட்பான்.

கணக்குக்கு அப்பால் ஒரு சங்கடமும் இருக்கிறது. இந்த வண்டியின் பெரிய சொத்துக்களில் ஒன்று 341 லிட்டர் டிக்கி. இரண்டு பெரிய பெட்டியும் ஒரு பலாப்பழமும் வைக்கலாம். காஸ் சிலிண்டர் வந்து அந்த இடத்தில் படுத்துக்கொண்டால், மிஞ்சுவது கைப்பைக்கு இடம். பாட்டியின் சக்கர நாற்காலியை எங்கே வைப்பது? மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது சட்டம். காஸ் பங்கில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். தினம் அறுபது எழுபது கிலோ மீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது லாபம். வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீடு என்று ஓட்டுகிறவர்களுக்கு லாபம் இல்லை.

உயிர்க் கணக்கு

இதுவரை பணத்தைப் பேசினோம். இனிப் பேசப் போவதுதான் முக்கியம். அதை ஷோரூமில் யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

குளோபல் என்காப் என்ற ஸ்தாபனத்தார், பொம்மை மனிதர்களை உள்ளே உட்கார்த்தி, காரை மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதி இடிக்கும்படி மோதவிட்டுப் பார்க்கிறார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 2023-ல் வேகன் ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது ஒரு நட்சத்திரம். குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்யம். வண்டியின் கூடு உறுதியானதல்ல என்றும் அவர்கள் எழுதினார்கள்.

அப்போது அந்த வண்டியில் இரண்டே காற்றுப் பைகள். 2025 மே மாதத்தில் எல்லா வேகன் ஆரிலும், எல்.எக்ஸ்.ஐ. உட்பட, ஆறு பைகள் வைப்பதாகக் கம்பெனியார் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஒன்று யோசியுங்கள்: காற்றுப் பை என்பது தலையணை. சுவர் இடிந்து விழுந்தால் தலையணை எவ்வளவு தூரம் காப்பாற்றும்? ஆறு பைகளோடு நடந்த சோதனை முடிவு ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்று விற்பனைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்காப் என்ற நம் நாட்டுச் சோதனையே இருக்கிறது. நட்சத்திரம் எத்தனை, எந்த வருஷத்துச் சோதனை, எத்தனை பை வைத்த வண்டி என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதே நிறுவனத்தார் செய்யும் டிசையர், 2024-ல் அதே குளோபல் என்காப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிற்று. டாட்டா டியாகோ 2020-ல் நான்கும், டாட்டா பஞ்ச் 2021-ல் ஐந்தும் வாங்கின. அவை நடந்த காலத்து முறைகள் கொஞ்சம் வேறு என்பது உண்மை. இருந்தாலும் சின்னக் காரில் உறுதியான கூடு செய்ய முடியாது என்ற வாதம் இதனால் அடிபட்டுப் போகிறது. ஆகவே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள்ளேயே ஓட்டம், முப்பது நாற்பது கிலோ மீட்டர் வேகம், வீட்டில் முதியவர்கள் என்றால் வேகன் ஆர் வி.எக்ஸ்.ஐ. அருமையான வண்டி. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மாதா மாதம் ராத்திரியில் திருச்சி, திருநெல்வேலி என்று நான்கு வழிச் சாலையில் பறக்கிறவர்கள், இன்னும் ஐம்பதாயிரமோ லட்சமோ சேர்த்துக்கொண்டு, உறுதியான கூடு உள்ள வண்டியாகப் பாருங்கள். பாட்டி கொஞ்சம் குனிந்து ஏறினால் பரவாயில்லை. இல்லை, வாங்கியாகிவிட்டது என்கிறீர்களா? 80-க்கு மேல் முள்ளைப் போக விடாதீர்கள்.

எந்தக் கார் வாங்கினாலும் ஸீட் பெல்ட்டைப் பின் ஸீட்டிலும் போடுங்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். அவர் போனது உயர்ந்த ரக வெளிநாட்டுக் கார். அவர் உட்கார்ந்திருந்தது பின் ஸீட்டில், பெல்ட் இல்லாமல். அவ்வளவு பெரிய வண்டியிலேயே அப்படி. முன் ஸீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவதை நாம் பாசம் என்று நினைக்கிறோம். ஐம்பது கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி திடீரென்று மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த பீமசேனனாலும் முடியாது. எதிரே வெடித்து வரும் காற்றுப் பையும் குழந்தையைத்தான் முதலில் தாக்கும். குழந்தைக்கென்று தனி ஸீட் விற்கிறது. அதைப் பின் ஸீட்டில் பூட்டிவிடுங்கள். டிசையரின் நட்சத்திரத்தை விடவும் இந்தச் செலவு சிறியது.

சீர்வரிசை

விலை பேசி முடிந்ததும், ‘ஆக்ஸஸரீஸ்’ என்று ஒரு நீண்ட காகிதம் வரும். ஸீட் கவர், மேட், கதவு ஓரப் பட்டை, அடியில் ரப்பர் பூச்சு, மேலே பளபளப்புப் பூச்சு என்று இருபது முப்பதாயிரத்துக்கு ஒரு சீர்வரிசை. எல்லாவற்றையும் வாங்கித்தான் தீர வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

ஸீட் கவர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஆறு பை வண்டியில் இரண்டு பைகள் முன் ஸீட்டுகளின் பக்கவாட்டிலேயே தைக்கப்பட்டிருக்கின்றன. கனமான ரெக்ஸின் உறையால் ஸீட்டை இறுக்கிக் கட்டிவிட்டால், பை எந்த வழியாக வெளியே வரும்? பக்கவாட்டில் பைக்கென்று வழிவிட்டுத் தைத்த உறையாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் உறையே வேண்டாம். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் போடுவதை 2017-லேயே மத்திய அரசார் தடுத்துவிட்டார்கள். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவதை 2012-லேயே சுப்ரீம் கோர்ட் தடுத்துவிட்டது. ‘எல்லோரும் ஒட்டுகிறார்கள் ஸார்’ என்பார் கடைக்காரர். அபராதம் கட்டுவது நீங்கள்தானே!

காப்பீட்டையும் ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்கு எடுக்க வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. ஆனால் யாரிடம் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். வெளியே இரண்டு கம்பெனிகளில் விலை கேட்டுக்கொண்டு, அந்தக் காகிதத்தோடு உள்ளே போனால், உள்ளே சொன்ன தொகை தானாகவே இறங்குவதைக் காணலாம். கறிகாய்க்காரியிடம் பேரம் பேசத் தெரிந்த நம் வீட்டுப் பெண்களை இந்த இடத்துக்கு அழைத்துப் போவது உத்தமம்.

ஓட்டிப் பார்க்கக் காரைக் கொடுக்கும்போது ஷோரூம் வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றுங்கள். ஏ.ஸி.யைப் போடுங்கள். ஒரு மேம்பாலத்தில் ஏறி, நடுவில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். உங்கள் தெருவுக்கே கொண்டுபோய், மாடும் மீன்பாடி வண்டியும் நிற்கும் அந்த மூலையில் திருப்பிப் பாருங்கள். பாட்டியை மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் சிரமத்தைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

வண்டியை எடுக்கும் நாளில், நல்ல நேரம் முடிகிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஒரு மணி முன்னதாகவே போய்விடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு வருஷம். 1025 என்றிருந்தால், அது 2025-ம் வருஷத்துப் பத்தாவது வாரம் செய்த டயர். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரிலும் பாருங்கள். வண்டி தயாரான மாதம் எது என்று காகிதத்தில் பாருங்கள். ஆறு மாதம் வெயிலில் நின்ற வண்டியாக இருந்தால் தள்ளுபடி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பட்டப் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் சுற்றி வந்து, பெயிண்டில் கீறலோ நிற வேறுபாடோ இருக்கிறதா என்று கவனியுங்கள். ஜாக்கி, ஸ்பானர், இரண்டாவது சாவி மூன்றும் இருக்கின்றனவா என்று கேட்டு, ஸ்டெப்னியை எப்படிக் கழற்றுவது என்று அங்கேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்கலாம்.